இமைக்க மறந்தவனின் வாக்குமூலம்

கண்ணுக்காக வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் ஆட்கள் ரயிலேறி வருகிற ஊர் மதுரை. விடிகாலையில் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ‘கண்ணாஸ்பத்திரி’ என்று சொன்னால் போதும், எந்தத் தெரு என்று கேட்காமல் அண்ணா நகரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்றைக்கு வெளிநாட்டு டாக்டர்களும் பாடம் படிக்க வருகிற இடம். 1992-ல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே செய்து ஏழைக்கும் எட்டுகிற விலைக்குக் கொண்டுவந்தது. இப்பேர்ப்பட்ட ஊரில், கே.புதூரில் குடியிருந்துகொண்டு, என் கண்ணுக்கு நான் வைத்தியம் கேட்டவர்கள் யார் யார் தெரியுமா? முக்கு மெடிக்கல் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், என் மாமியார், அப்புறம் ஒரு ஜிகர்தண்டாக் கடை.

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது. பதிப்பகங்கள் அனுப்புகிற பக்கங்களைக் கணினியில் திறந்துவைத்து, விட்டுப்போன ஒற்றையும் தப்பிப்போன துணைக்காலையும் பிடிப்பேன். ஊரார் எழுத்தில் ஒரு ‘க்’ குறைந்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். என் கண்ணிலேயே ஒன்று குறைந்துகொண்டு வருவது மட்டும் பல மாதமாகத் தெரியவில்லை.

சாயங்காலம் ஆனால் கண்ணில் மணல் விழுந்த உறுத்தல். இமை கனக்கும். எழுத்து மங்கும், ரெண்டு தரம் கண்ணைக் கொட்டினால் தெளியும், மறுபடி மங்கும். மங்கித் தெளிகிற இந்த விளையாட்டைப் பார்த்ததும் எனக்குப் பவர் மாறிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினேன். கடைக்காரர் காட்டிய எழுத்தைக் கண்ணைக் கொட்டிக் கொட்டிப் படித்தேன். ஒவ்வொரு கொட்டுக்கும் ஒரு பதில் சொன்னேன். அவர் என்ன செய்வார் பாவம், நடுவில் ஒரு பவரைப் போட்டுக் கொடுத்தார். பழைய கண்ணாடியில் எழுத்து சாயங்காலம்தான் மங்கும். புதுக் கண்ணாடியில் காலையிலேயே மங்கியது. பவர் மாறினால் எழுத்து ஒரே சீராக மங்கும். இமைத்தால் தெளிகிற மங்கல் கண்ணின் மேல்பரப்பில் இருக்கிற ஈரத்தின் கோளாறு என்று பிற்பாடு தெரிந்தது. அதற்குள் கண்ணாடிக் காசு போய்விட்டது.

அடுத்தது கண்ணீர். பைக்கில் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் ரெண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாக வழியும். இவ்வளவு தண்ணீர் வருகிற கண்ணில் வறட்சி என்று எவனாவது நினைப்பானா? நானும் நினைக்கவில்லை. கண்ணின் மேல்பரப்பு காய்ந்து உறுத்தும்போது, மூளை அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அவசரத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அந்தத் தண்ணீரில் ஈரம் நிற்பதற்கு வேண்டிய எண்ணெயும் பசையும் போதாது. ஆகவே அது கண்ணில் நிற்காமல் கன்னத்துக்கு வந்துவிடுகிறது. கண் காயக் காயக் கண்ணீர் கூடும் என்கிற இந்த முரண்பாடுதான் என்னைப் போன்ற மேதாவிகளை ஏமாற்றுகிறது.

ஊரையும் ஏமாற்றியது. தூரத்துச் சித்தப்பா ஒருவர் இறந்த கேதத்துக்கு மேலூர்ப் பக்கம் போயிருந்தேன். அவரை ஏதோ ஒரு கல்யாணத்தில் பந்தியில் பார்த்த ஞாபகம், அவ்வளவுதான். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் ஊதுபத்திக் கட்டைக் கொத்தாகக் கொளுத்திச் செருகியிருந்தார்கள். அந்தப் புகை பட்டதும் என் கண் பிளந்துகொண்டது. பெற்ற மகன்களே ஓய்ந்து உட்கார்ந்திருக்க, நான் மட்டும் துண்டால் துடைத்துத் துடைத்து மாளவில்லை. ஒரு பெரியம்மா வந்து என் முதுகைத் தடவி, “சித்தப்பா மேல இம்புட்டு உசுரா இருந்திருக்கியேப்பா. மனசத் தேத்திக்க” என்றார். நான் மறுக்கவில்லை. கருமாதிக்கு என்னை முதல் ஆளாக அழைத்தார்கள். போய் முதல் பந்தியில் சாப்பிட்டும் வந்தேன்.

மதுரையில் உடம்புக்கு வருகிற எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் உண்டு: சூடு. வாய்ப்புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, கண் எரிந்தால் கேட்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இந்த நம்பிக்கையைக் குறை சொல்லவும் முடியாது. சூட்டைத் தணிக்க ஜிகர்தண்டா என்று முடிவு செய்து, சாயங்காலச் சிகிச்சையாகவே அதை வைத்துக்கொண்டேன். கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வீட்டில் விளக்கமும் சொன்னேன். மழை நாளில் பருத்திப்பால். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். மூடிய கண்மேல் நந்தியாவட்டைப் பூவை வைத்துப் படுத்தேன், எறும்பு வந்தது. இமையில் விளக்கெண்ணெய் தடவினேன். அது உள்ளே இறங்கி, மறுநாள் காலை வரை உலகமே பிசுபிசுப்பாகத் தெரிந்தது. கடைசியில் கண் குளிரவில்லை, சர்க்கரை ஏறியது.

சூடு இல்லை, ‘தூசி அலர்ஜி’ என்று அடுத்த கண்டுபிடிப்பு. பாலம் கட்டுகிறோம், குழாய் பதிக்கிறோம் என்று ஊரைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்களே, தூசிக்கா பஞ்சம்? தினமும் ராத்திரி ஒரு செட்டிரிசின் போட்டேன். சளியை உலர்த்துகிற அந்த வகை மாத்திரைகள் கண்ணீரையும் சேர்த்து உலர்த்தும். எரிச்சல் கூடியது. கூடியதும், அலர்ஜி முற்றிவிட்டது என்று மாத்திரையை விடாமல் பிடித்துக்கொண்டேன். மன அழுத்தத்துக்குத் தருகிற சில மாத்திரைகளும் முகப்பருவுக்குத் தருகிற ஐசோட்ரெட்டினாயினும் இதே வேலையைச் செய்யும். நல்லவேளை, அவற்றை யாரும் எனக்குச் சிபாரிசு செய்யவில்லை. செய்திருந்தால் போட்டிருப்பேன்.

மெடிக்கல் தம்பி இரக்கப்பட்டான். “அண்ணே, இதப் போடுங்கண்ணே. ஒரே நிமிசத்துல கண்ணு பளிச்சினு வெள்ளையாயிரும்” என்று ஒரு புட்டியை நீட்டினான். ஆனது. கண்ணாடியில் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த மருந்து ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மறைக்கிறது, வறட்சியைத் தொடுவதில்லை. வீரியம் இறங்கியதும் குழாய்கள் முன்னைவிட விரிந்து, சிவப்பு வட்டியோடு திரும்பும். சிவப்புக்கு மருந்து, மருந்துக்குச் சிவப்பு என்று அந்தப் புட்டியை வாங்கிக்கொண்டே இருந்தேன். தம்பிக்கும் என்மேல் மரியாதை வந்தது.

இனிமேல் சொல்லப் போவதை என் மனைவி படிக்கக் கூடாது. என் மாமியாருக்குப் புரை அறுவை நடந்திருந்தது. ஃப்ரிட்ஜ் கதவில் அவருடைய சொட்டு மருந்து மிச்சம் இருந்தது. என் கண்ணைப் பார்த்து மனசு கேட்காமல், “என்ன மாப்ளே, கண்ணு இம்புட்டுச் செவந்து கெடக்கு? என் மருந்துல ரெண்டு சொட்டு விடுங்க. எனக்கு நல்லாக் கேட்டுச்சு” என்றார். பெரியவர் சொல்லைத் தட்டலாமா? விட்டேன். அப்பா, என்ன சுகம்! உறுத்தலும் சிவப்பும் ஓடியே போயின. ஊரில் ஒரு டாக்டருக்கும் தெரியாததை மாமியார் கண்டுபிடித்துவிட்டார் என்று கொண்டாடி, புட்டி தீர்ந்ததும் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டி அதே மருந்தை வாங்கி, என்பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுகத்துக்குப் பெயர் ஸ்டீராய்டு. புரை அறுவைக்குப் பிறகு அதை எழுதிக் கொடுக்கிற டாக்டர், நாளைக்கு இத்தனை வேளை, அடுத்த வாரம் ஒரு வேளை குறைத்து என்று படிப்படியாக இறக்கி, சில வாரத்தில் நிறுத்திவிடுவார். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் மாதக் கணக்கில் போட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். குளுக்கோமா வந்து, பார்வை நரம்பு ஓரத்திலிருந்து செத்துக்கொண்டு வரலாம். வலி இருக்காது, ஆகவே தெரியாது. போன நரம்பு திரும்பாது. புரையும் சீக்கிரம் விழலாம். அதாவது, மாமியாருக்கு எடுத்த புரையை மாப்பிள்ளை தன் கண்ணில் வளர்க்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தேன்.

ஒருவழியாக மனைவி பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இளம் டாக்டரம்மா. என் வைத்திய வரலாறு முழுவதையும் ஒரு பெருமையோடுதான் சொன்னேன். ஸ்டீராய்டு வந்த இடத்தில் அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முதல் வேலையாகக் கண் அழுத்தத்தை அளந்தார். அது அளவோடு இருந்தது. என் சாமர்த்தியத்தை மீறி நடந்த ஒரே நல்ல காரியம் அது.

அப்புறம் ஒரு மஞ்சள் சாயத் தாளைக் கண்ணில் ஒற்றி, நீல விளக்கை அடித்து, “கண்ண ஒரு தடவ மூடித் திறந்துட்டு, இமைக்காமப் பாருங்க சார்” என்றார். சாயம் கலந்த ஈரம் கண்ணின்மேல் சீராகப் பரவி நிற்கும். எத்தனை நொடியில் அதில் ஓட்டை விழுகிறது என்று எண்ணுவார்களாம். பத்து நொடியாவது தாங்க வேண்டும். என் கண் ஐந்து நொடிகூடத் தாங்கவில்லை. அடுத்து, கீழ் இமையில் ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கொக்கி மாட்டினார். ஜெர்மானியரான ஓட்டோ ஷிர்மர் 1903-ல் சொன்ன சோதனை; இன்றைக்கும் நடக்கிறது. 5 நிமிடத்தில் காகிதம் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பது. பத்துக்குக் கீழே போனால் சந்தேகம், ஐந்துக்கும் கீழே என்றால் கண்ணீர்ச் சுரப்பே குறைவு. என் காகிதம் நன்றாகவே நனைந்தது. “பாஸா டாக்டர்?” என்றேன். “தண்ணி இருக்கு சார். எண்ணெய்தான் இல்ல” என்றார்.

கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை என்று அன்றைக்குத்தான் பாடம் கேட்டேன். விழியை ஒட்டி ஒரு பசை. அது தண்ணீரை விழியோடு பிடித்துவைக்கிறது. அதோடு கலந்து தண்ணீர். எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். தண்ணீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் இமை விளிம்பில், முடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன: மேலிமையில் 25 முதல் 40 வரை, கீழிமையில் 20 முதல் 30 வரை. ஹைன்ரிக் மைபோம் என்கிற ஜெர்மானிய டாக்டர் 1666-லேயே அவற்றை விவரித்து எழுதிவிட்டார். அவர் பெயரால்தான் மைபோமியன் சுரப்பி என்கிறார்கள். டாக்டரம்மா என் இமையை மெல்ல அழுத்திப் பார்த்தார். தெளிந்த எண்ணெயாக வர வேண்டியது, கெட்டியாக, வர மனமில்லாமல் வந்தது. உலகத்தில் கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோர் என் கட்சிதானாம்: சுரப்பு குறைந்தவர்கள் அல்ல, சுரந்ததை ஆவியாக விடுகிறவர்கள்.

“இந்த எண்ணெய் எப்படி வெளிய வரும் தெரியுமா சார்? ஒவ்வொரு தடவ முழுசா இமைக்கும்போதும் அந்தச் சுரப்பி அமுங்கும். நீங்க இமைக்கிறதே இல்ல.”

சும்மா இருக்கிற மனிதன் நிமிடத்துக்கு 15 தடவை போல இமைக்கிறான். திரையைப் பார்க்கும்போது அது 5, 6 என்று இறங்கிவிடுகிறது. அதிலும் பாதி அரைகுறை. மேலிமை கீழே வந்து தொடாமல் பாதி வழியில் திரும்பிவிடும். எவ்வளவு கவனமாகப் படிக்கிறோமோ அவ்வளவு குறையும். ஒற்றுப் பிழை தேடுகிறவனைவிடக் கவனமாகப் படிக்கிறவன் யார்? என் தொழில் பக்தியே என் கண்ணுக்கு எமன். நான் விடவில்லை. கைக்குழந்தை நிமிடத்துக்கு ரெண்டு மூன்று தடவைதானே இமைக்கிறது, அதற்கு ஏன் காயவில்லை என்று எங்கேயோ படித்ததை எடுத்துவிட்டேன். “குழந்த எட்டு மணி நேரம் ஃபேனுக்கு அடியில உக்காந்து புரூஃப் பாக்குதா சார்?” என்றார். மனைவி அந்த டாக்டருக்கு அன்றைக்கே ரசிகையாகிவிட்டாள்.

கயல்விழி அன்னை ஆளுகிற ஊர் இது. மீன் கண்ணை மூடாமல் பார்த்தே தன் முட்டையைக் காப்பதைப் போல, மீனாட்சி இமைக்காமல் பார்த்து ஊரைக் காக்கிறாள் என்று கோயிலில் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மீனுக்கு இமை இல்லை. தேவையும் இல்லை, இருப்பது தண்ணீருக்குள். அன்னையைப் பின்பற்றி இமைக்காமல் இருந்தேன், சரி. தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய மறந்துவிட்டேன்.

மருந்துச் சீட்டில் இருந்தது செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் என்று பெயர்கள்தான் பெரிசு. கண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கிற சாதுவான வஸ்துகள். இதைப் போடுவதில் அடுத்த அவமானம். அண்ணாந்து பார்த்து அமுக்கினால் கண் தானாக மூடிக்கொள்ளும். சொட்டு மீசையில் விழும். திறந்து வைத்தால் கை நடுங்கி நெற்றியில் விழும். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களாலேயே நுண்ணிய கருவியைப் பிடித்துப் புரை அறுவை செய்யப் பழகி, பல்லாயிரம் பேருக்குப் பார்வை கொடுத்தவர் டாக்டர் வெங்கடசாமி. அவர் வாழ்ந்த ஊரில், நல்ல பத்து விரலும் உள்ள நான் ஒரு சொட்டைக் கண்ணில் விழவைக்க முடியாமல் சட்டையை நனைத்துக்கொண்டிருந்தேன். கீழிமையை ஒரு விரலால் இழுத்துப் பள்ளமாக்கி அதில் ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரம் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்குக் குழாய் வழியாகத் தொண்டைக்குப் போய்விடும். ஒரு சொட்டே கண் கொள்ளுகிற அளவைவிட அதிகம். நானோ ‘சேர்த்தே இருக்கட்டும்’ என்று மூன்று சொட்டு விட்டு, ரெண்டைக் கன்னத்துக்கும் ஒன்றைத் தொண்டைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு சுகமாக இருந்ததும் என் பழைய புத்தி வந்தது: இனி மருந்து போதும், மற்றது எதற்கு? அழகர் இறங்குகிற நேரத்தில் அணையைத் திறந்தால் வைகையில் தண்ணீர் ஓடும். அடைத்தால் பழைய மணல்தான். சொட்டு மருந்தும் அந்தத் திருவிழாத் தண்ணீர்தான் என்பது புட்டிக்கு மேல் புட்டி காலியான பிறகு உறைத்தது. அதிலும் ஒரு வில்லங்கம். புட்டியில் கிருமி வளராமல் இருக்கப் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பதப்பொருளைச் சேர்ப்பார்கள். அடிக்கடி போட்டால் அதுவே கண்ணின் மேல்தோலைப் புண்ணாக்கும். நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்படுகிறவர்கள் பதப்பொருள் இல்லாததை, ஒரு வேளைக்கு ஒன்றாக வருகிற சின்னக் குப்பியை, கேட்டு வாங்க வேண்டும்.

மற்றது என்று டாக்டர் சொன்னவை எல்லாம் காசில்லாத சமாச்சாரங்கள். அதனால்தான் அவற்றை நான் மதிக்கவில்லை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 நொடி பார்ப்பது அதில் ஒன்று. என் ஜன்னலுக்கு வெளியே 20 அடியில் இருப்பது எதிர்வீட்டு அடுக்களை. நான் நியமப்படி நிமிர்ந்து பார்க்க, அந்த வீட்டுக்கார அம்மா முதல் நாள் சிரித்தார், மறுநாள் திரை போட்டார், அதற்கடுத்து அவர் கணவர் வந்து, “என்ன சார், ஏதும் வேணுமா?” என்றார். இப்போது மொட்டை மாடிக்குப் போய் யானைமலையைப் பார்க்கிறேன். மலை ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் படியேறச் சோம்பலாக இருக்கிற நாளெல்லாம் நியமம் தவறுகிறது.

கழுத்து வலிக்காக மானிட்டரைத் தமிழ் லெக்சிகன் தொகுதிகளின் மேல் உயரமாக ஏற்றி வைத்திருந்தேன். இதுவும் தப்பாம். திரை உயர்ந்தால் அண்ணாந்து பார்ப்போம். கண் அகலமாகத் திறக்கும். ஆவியாகிற பரப்பு கூடும். திரையின் நடு, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். லெக்சிகன் பல வருடத்துக்கு அப்புறம் படிப்பதற்காகக் கீழே இறங்கியது. மேஜை விசிறி என் முகத்தைப் பார்த்துச் சுழன்றதை முதுகுப் பக்கம் திருப்பினேன். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்காதபடி கட்டிலை மாற்றிப் போட்டோம். இந்த ஒரு யோசனையை மட்டும் என் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள் என்பதைப் பதிவு செய்யச் சொல்கிறாள்.

அப்புறம் ஒத்தடம். கெட்டிப்பட்ட எண்ணெய் இளக, 40 டிகிரி அளவு சூட்டில் ஐந்து முதல் பத்து நிமிடம் மூடிய இமைமேல் ஒத்தடம்; பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விளிம்பை நோக்கி மெல்ல நீவ வேண்டும். இட்லிச் சட்டி ஆவியில் துண்டைக் காட்டி அப்படியே வைத்துப் பார்த்தேன்; இமை வெந்தது. மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்க்கச் சொன்னதை மறந்தது என் குற்றம். வெந்நீரில் நனைத்த துண்டு ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி மறுபடி நனைக்க வேண்டும் என்பதால், அதையும் பாதி நாள் பாதியில் விட்டுவிடுவேன்.

சாப்பாட்டில் மட்டும் நான் குறை வைக்கவில்லை. தினமும் பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை. மீன் எண்ணெய் கண் வறட்சிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அயிரை மீன் குழம்பு மருந்தாகவே வந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னேன். மீனைப் பற்றி அவர் சொன்னது: அமெரிக்காவில் 535 பேரை வைத்து ஒரு வருடம் மீன் எண்ணெய் மாத்திரையையும் ஆலிவ் எண்ணெய் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்து, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்று 2018-ல் முடிவு வெளியானதாம். “குழம்பு நல்லா இருந்தாச் சாப்பிடுங்க சார். மருந்துனு சாப்பிடாதீங்க.”

கீரையைப் பற்றிச் சொன்னபோதுதான் எனக்கு முதல் முறையாக வெட்கம் வந்தது. “அது வேற வறட்சி சார்” என்றார். வைட்டமின் ஏ கிடைக்காத குழந்தைக்கு முதலில் மாலைக்கண் வரும்; அப்புறம் வெள்ளை விழி பளபளப்புப் போய் உலரும்; கவனிக்காமல் விட்டால் கருவிழி புண்ணாகிக் கரைந்து பார்வையே போய்விடும். இந்தச் சீமையில் ஒரு காலத்தில் அது சகஜம். 1970-லிருந்து நாட்டில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கிற திட்டம் நடக்கிறது. அரவிந்தைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, வாரா வாரம் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்த பிள்ளைகளிடம் சாவு பாதிக்கும் கீழே குறைந்ததை 1990-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். கண்ணைக் காக்கப் போன மருந்து உயிரையும் காத்தது. அந்தப் பிள்ளைகளின் கண் காய்ந்தது சோற்றில் கீரை இல்லாததால். என் கண் காய்ந்தது சோறும் கீரையும் தின்றுவிட்டுத் திரையை விட்டுக் கண்ணை எடுக்காததால். பட்டினிக்கு வந்த வறட்சியின் மருந்தைத் தின்று, சொகுசில் வந்த வறட்சியைப் போக்கப் பார்த்திருக்கிறேன். கீரை நல்லதுதான், விடவில்லை. இப்போது பொரியலாக மட்டும் சாப்பிடுகிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், பரவாயில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்; என் மாதிரி வறட்சி ஒரேயடியாகத் தீர்கிற வியாதி இல்லை, சர்க்கரை, பிரஷர் போலக் கட்டுக்குள் வைத்துக்கொள்வது. கணினித் திரையின் ஓரத்தில் ‘இமை’ என்று ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். பக்கம் முடியும்போதெல்லாம் கண்ணை முழுசாக மூடி, ரெண்டு நொடி நிறுத்தி, திறக்கிறேன். சில நாள் அந்தச் சீட்டையே இமைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலம் ஜிகர்தண்டா சாப்பிடுவது தொடர்கிறது. காரணம் மட்டும் இப்போது சொல்வதில்லை.

என்னிடம் கண்டுபிடித்தது சின்ன வகை. எல்லாருக்கும் அப்படி இருக்காது. கண்ணோடு வாயும் உலர்ந்து, மூட்டும் வலித்தால், அது 1933-ல் ஹென்ரிக் ஷோக்ரென் என்கிற சுவீடன் டாக்டர் விவரித்த நோயாக இருக்கலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிற வகை. பெண்களிடம், அதுவும் நடுவயதில், அதிகம் வருவது. மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரைக்காரர்கள், கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள், லேசிக் செய்துகொண்டவர்கள் ‘வெறும் சூடு’ என்று என்னைப் போலத் தள்ளிப் போட வேண்டாம். கண் வலித்தாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். போகும்போது போட்டுக்கொண்டிருக்கிற எல்லா மாத்திரைகளையும் சொட்டு மருந்துகளையும், வெட்கப்படாமல், ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அங்கே நிற்கிற சொட்டு மருந்துப் புட்டிகளைப் பாருங்கள். திறந்து ஒரு மாதம் தாண்டியது எதுவானாலும், அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்து மிச்சம் கிடப்பது எதுவானாலும், இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.